பல்லக்கில் ஏறிய பத்தியச் சாப்பாடு

லால்குடியில் ஒரு பிள்ளை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான் என்றால் அவன் பெட்டியைத் தெருவே சேர்ந்து கட்டும். அம்மா பருப்புப்பொடி, அத்தை நார்த்தங்காய், எதிர்வீட்டு மாமி வடாம் என்று ஆளுக்கு ஒரு பொட்டலம். துணிமணிக்குக் கடைசியில் ஒரு மூலை ஒதுக்குவார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் எடை கூடிப்போகும். பெட்டியைத் தரையில் பிரித்துப்போட்டு, ஜீன்ஸை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஊறுகாயோடு விமானம் ஏறுகிற வம்சம் நம்முடையது. மறுநாள் சிங்கப்பூரிலிருந்து போன் வரும்: “எல்லாம் ஓகேம்மா, சாப்பாடுதான் செட் ஆகல.” சிங்கப்பூரில்! கோமள விலாஸ் 1947-லிருந்து தோசை வார்த்துக்கொண்டிருக்கிற ஊரில்!

எதிர்த்திசையில் வந்த ஆட்களை யாரும் விசாரிப்பதில்லை. லால்குடியிலிருந்து கொள்ளிடத்து வடகரையோடு கிழக்கே போனால் அன்பில், திருமழபாடி எல்லாம் தாண்டி ஏலாக்குறிச்சி வரும். அங்கே ஓர் இத்தாலிக்காரர் குடியேறி வருஷக்கணக்கில் நம் சோற்றைத் தின்றார். தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை தெரியும்படி எழுத்தைத் திருத்தினார் என்று நாமெல்லாம் ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்த வீரமாமுனிவர்தான் அவர். அவர் என்ன சாப்பிட்டார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. பிழைக்க வந்தவனைப் பார்த்து முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதானே? “சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?”

அவரைச் சொல்வதற்கு முன் அவருடைய சீனியரைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மெனு போட்டவர் அந்த சீனியர்.

ராபர்ட் தெ நோபிலி 1577-ல் பிறந்தவர், இத்தாலியில் பெரிய இடத்துப் பிள்ளை. 1605-ல் கோவாவில் இறங்கி, 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இருந்தார். முன்னாள் சிப்பாய், நல்ல மனுஷர். பத்து வருஷத்துக்கு மேலாக மதுரையில் உட்கார்ந்து மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார். ஊர்க்காரர்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். மதத்தில் மட்டும் ஒருவரும் சேரவில்லை. மோட்சம், நரகம், திரித்துவம் எதிலும் நம்மவர்களுக்குத் தகராறு இல்லை. “அந்தாள் பரங்கி. மாட்டுக்கறி தின்பான், சாராயம் குடிப்பான், தோல் செருப்போடு உள்ளே வருவான், குளிப்பதும் சந்தேகம்.” முடிந்தது விவாதம்.

நோபிலி இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். கோளாறு வேதத்தில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. கறி, மீன், முட்டை, மது எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முழுக்குப் போட்டார். காவி கட்டினார், பாதக்குறடு போட்டார், நெற்றியில் சந்தனம் வைத்தார், பூணூலும் மாட்டினார். பிராமணச் சமையல்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு: சோறு, காய்கீரை, பால். அதோடு பெர்னாண்டஸின் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டார். இரண்டு பாதிரிமார், ஒரே சபை, ஒரே ஊர், இரண்டு அடுப்பு. நம் கூட்டுக்குடும்பங்கள் உடைகிற அதே காரணம்.

“நான் பரங்கி இல்லை, ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி, உயர்ந்த குடியில் பிறந்தவன்” என்று ஊருக்கும் அறிவித்தார். ஊர் நம்பியது. ஏன் நம்பாது? சமையல்காரர் யார் என்று பார்த்துத்தான் சாமியார் யார் என்று முடிவுசெய்கிற ஊர் இது.

பெர்னாண்டஸுக்கு எரிச்சல். எரியாமல் இருக்குமா? மேலிடத்துக்கு மொட்டைக்கடிதம் இல்லை, கையெழுத்துப் போட்டே புகார் எழுதினார். ‘இவர் நம் ஆளே இல்லை, அவர்கள் ஆளாகிவிட்டார்’ என்பது சாரம். செய்தி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலும் கையும் முளைத்துவிட்டது. நோபிலியின் உறவினரும் பெரிய கர்தினாலுமான பெல்லார்மின், பையன் மதமே மாறிவிட்டான் போலிருக்கிறது என்று பதறிக் கண்டித்து எழுதினார். விஷயம் புரிந்தபின் சமாதானமானார். வெளியூர் போன பிள்ளை ‘கெட்டுப்போய்விட்டான்’ என்று உறவுக்காரர்களிடம் முதலில் போய்ச் சேர்கிற செய்தி எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான். நம் வீடுகளில் ‘அங்கே போய் கறி தின்கிறானாம்’ என்பார்கள். நோபிலி வீட்டில் ‘கறியே தின்பதில்லையாம்’ என்றார்கள்.

வழக்கு கோவா போய், ரோமாபுரி போய், 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரிகோரி தீர்ப்புச் சொன்னார். பூணூல் போட்டுக்கொள்ளலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், குளிக்கலாம். எல்லாவற்றுக்கும் நிபந்தனை உண்டு: சாமி கும்பிடுகிற எண்ணத்தில் செய்யக்கூடாது, நாகரிகத்துக்கும் சுத்தத்துக்கும் செய்யலாம். உலகத்திலேயே வைகைக்கரை ஆசாமி தலைக்கு ஊற்றிக்கொள்வதற்கு வாத்திகனில் அனுமதி வாங்கிய ஒரே சமயம் அதுவாகத்தான் இருக்கும்.

சிரித்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. இந்தச் சமையல் மாற்றத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். உயர்சாதிக்காரர்களுக்கு ஒரு பாதிரி, மற்றவர்களுக்கு ஒரு பாதிரி. இவர்களுக்கு ஒரு கோயில், அவர்களுக்கு வேறொன்று. பிறகு 1640 வாக்கில் மற்றவர்களுக்கென்றே ‘பண்டாரசாமிகள்’ என்று தனி வகைப் பாதிரிமாரை உண்டாக்கினார்கள். பிராமண சந்நியாசிப் பாதிரியும் பண்டாரசாமிப் பாதிரியும் ஊர் பார்க்கச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. இருவரும் ஒரே கடலைக் கடந்து, ஒரே வேதத்தைச் சொல்ல வந்தவர்கள். நம் ஊர் வந்தவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்த முதல் பாடம் பந்தி பிரிப்பது. அவர்களும் நல்ல மாணவர்கள், சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

நோபிலி 1620களில் திருச்சிப் பக்கமும் வந்தார். கண் பார்வை மங்கி, 1656-ல் மயிலாப்பூரில் கண்மூடினார். எழுபத்தெட்டு வயது. சோறும் கீரையும் ஒருவேளையும் அவரை ஒன்றும் செய்துவிடவில்லை.

இனி நம் ஆள்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-ல் வட இத்தாலியில், மாந்துவா வட்டாரத்துக் காஸ்திலியோனே ஊரில் பிறந்தார். 1710-ல் கோவா, அடுத்த வருஷம் தமிழ்நாடு. கப்பலை விட்டு இறங்கும்போது வயது முப்பது. முப்பது வயது வரை பழகின நாக்கை மாற்றுவது எவ்வளவு பாடு என்று துபாயில் குப்பூஸ் கடித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. இத்தாலிக்காரன் என்றதும் நமக்குப் பீட்சாவும் தக்காளி ஊற்றின நூடுல்ஸும்தான் ஞாபகம் வரும். பெஸ்கி கிளம்பின காலத்தில் அந்த ஊர்ச் சமையலிலேயே தக்காளி சரியாகக் குடியேறவில்லை. மாந்துவாவோ போ ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைகிற பூமி. அங்கேயும் வாய்க்கால், சேறு, நாற்று, கொசு. ஆகவே கொள்ளிடக் கரையில் வந்து நின்ற ஆளுக்குப் பச்சை வயலைப் பார்த்துப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருந்திருக்காது. அரிசி தெரியும். அரிசியோடு இறைச்சியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வராமல் ரசம் வரும் என்பதுதான் தெரியாது. நம் மிளகாயைப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள் என்பதால், காரத்தில் கண் கலங்கியபோது அவர் யாரைத் திட்டுவது என்று கொஞ்சம் குழம்பியிருக்கலாம், சொந்தக் கட்சிக்காரர்கள்தானே.

காலையில் எழுந்தால் காபி கிடையாது. வெனிஸில் அப்போதே காப்பிக்கடை உண்டு, காவிரிக்கரையில் இல்லை. கும்பகோணம் டிகிரி காபி வருவதற்கு இன்னும் இரண்டு தலைமுறை அல்ல, ஏழெட்டுத் தலைமுறை பாக்கி. இன்றைக்கு லால்குடிக்கு ஓர் இத்தாலிக்காரர் வந்தால் முதல் டம்ளரிலேயே சம்பந்தி ஆகிவிடுவார். பெஸ்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நீராகாரம்தான்.

பாதிரிமாருக்கு இன்னொரு தனிக்கஷ்டம். பூசைக்குக் கோதுமை அப்பமும் திராட்சை மதுவும் வேண்டும். இதில் சமரசம் கிடையாது, இட்லியை வைத்துப் பூசை செய்ய ரோமாபுரி ஒப்புக்கொள்ளாது. நெல்லும் வாழையும் விளைகிற கரையில் கோதுமைக்கும் திராட்சை ரசத்துக்கும் எங்கே போவது? கடற்கரையிலிருந்துதான் வரவேண்டும். மது தொடாத சந்நியாசி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்துவிட்டு, வீட்டுக்குள் பூட்டிய பெட்டியில் ஒரு புட்டி வைத்துக் காப்பாற்றுகிற சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். மதுவிலக்குக் காலத்தில் பெர்மிட் வைத்திருந்த தாத்தாக்கள் மட்டுமே அவருக்காக இரக்கப்பட முடியும்.

பெஸ்கி வாழ்ந்தது ஒரே இடத்தில் அல்ல. தெற்கே காமநாயக்கன்பட்டி, குருக்கள்பட்டியில் சிறை, மரணதண்டனையின் விளிம்பு வரை போய் மீண்டது என்று தொடக்கமே அமர்க்களம். தமிழ் சொல்லிக்கொடுக்க வாத்தியார் தேடினார். அவருக்கு ஆசான் சுப்பிரதீபக் கவிராயர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தக் கவிராயர் ‘கூளப்ப நாயக்கன் காதல்’ பாடியவர். அந்தப் புத்தகத்தை நம் வீட்டில் பெரியவர்கள் அலமாரியின் பின்வரிசையில் வைத்திருப்பார்கள். கற்பு விரதம் பூண்ட பாதிரியாருக்குக் காமரசத்தில் கைதேர்ந்த வாத்தியார். தேம்பாவணியின் அணியழகெல்லாம் எந்தப் பட்டறையில் பழகியது என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறதா?

இனி பல்லக்கு.

பெஸ்கியின் வாழ்க்கையை முதலில் விரிவாகத் தமிழில் எழுதியவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. சென்னையில் எல்லிஸ் துரை 1816-ல் அவரைத் தெற்கே அனுப்பிப் பெஸ்கியின் ஏடுகளைத் தேடச் சொன்னார். போனவர் ஏட்டோடு கதைகளையும் அள்ளிக்கொண்டு வந்து 1822-ல் சரித்திரமாக எழுதினார். அதைப் படித்தால் சாமியார் வீடா சமஸ்தானமா என்று சந்தேகம் வரும். சிவப்புக் கரை போட்ட நீண்ட அங்கி, தலைப்பாகை, காதில் முத்துக் கடுக்கன், விரலில் மோதிரம், கையில் தடி. பல்லக்கில் உட்காரப் புலித்தோல், இரு பக்கமும் மயிற்பீலி வீச ஆள். சாப்பாடு மட்டும் என்ன? பிராமணர் சமைத்த மரக்கறி உணவு, நாளுக்கு ஒரு வேளை! வெளியே மகாராஜா, உள்ளே பத்தியக்காரர். புலித்தோல்மேல் உட்கார்ந்து பீர்க்கங்காய்க் கூட்டு.

அடுத்தது சந்தா சாகிப். 1736-ல் திருச்சிக் கோட்டையை ராணி மீனாட்சியிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர். குர்ஆன்மேல் சத்தியம் செய்கிறேன் என்று பட்டில் சுற்றிய செங்கல்மேல் சத்தியம் செய்தார் என்று திருச்சியில் கதை சொல்வார்கள். அப்படிப்பட்டவரைப் பார்க்கப் போவதற்காகப் பெஸ்கி மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டாராம். பேச்சில் மயங்கிய நவாப், ‘இஸ்மத் சந்நியாசி’ என்று பட்டம் கட்டி, பல்லக்குக் கொடுத்து, திவானாக்கி, மால்வாய், அரசூர் உட்பட நான்கு கிராமங்களையும் எழுதிவைத்தாராம். வருஷ வருமானம் 12,000 ரூபாய். மால்வாய் வேறெங்கோ இல்லை, நம் லால்குடி வட்டம்தான். அதன்பின் திவான் சாமியார் வெளியே கிளம்பினால் முன்னால் குதிரைவீரர்கள், கொடிக்காரர்கள், வெள்ளித்தடி சேவகர்கள், பின்னால் ஒட்டகம். மால்வாய்க் குடியானவர் ஒருவர் இந்த ஊர்வலத்தைப் பார்த்திருந்தால் குத்தகை பாக்கியை ஒட்டகத்தைக் கண்டே கட்டியிருப்பார்.

பின்னால் வந்த சேசுசபை ஆராய்ச்சிக்காரர்கள் பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திவான் வேலைக்கும் ஒட்டகத்துக்கும் சாட்சியம் போதாது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் சொல்வதுதான் நியாயமாக இருக்கும். இருந்தாலும் எனக்கு முத்துசாமிப் பிள்ளையின் கட்சிதான் பிடித்திருக்கிறது. நம் ஊரில் ஓர் ஆளைப் பிடித்துப்போனால் அவருக்கு மண்குடிசையும் கீரையும் கொடுத்துக் கதையை முடிக்க மனசு வராது. பல்லக்கு, கிராமம், கடுக்கன் எல்லாம் போட்டு அலங்காரம் செய்து பார்த்தால்தான் திருப்தி. பெருமாளாக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் திருவீதி உலா இல்லாமல் விடமாட்டோம். முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு கூட்டிச் சொன்னவர்கள் சாப்பாட்டைக் கூட்டவில்லை. ஒட்டகம் வரை கொடுத்தார்கள், ஒரு கோழிக்கால் கொடுக்கவில்லை. அங்கே கை வைத்தால் ஆளே கெட்டுப்போவார் என்று சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

ஏலாக்குறிச்சியில் மாதாவுக்குக் கோயில் கட்டி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, மேலே கலம்பகமும் பாடினார். நடுவில் தரங்கம்பாடி லுத்தரன்காரர்களோடு ஓயாத சண்டை. அவர்களை மறுத்து இவர் புத்தகம் மேல் புத்தகமாக எழுதித் தள்ளினார். அவர்களோ 1738-ல் இவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தங்கள் அச்சகத்திலேயே அச்சிட்டார்கள். வேதத்தில் வெட்டுப்பழி, இலக்கணத்தில் கொள்வினை கொடுப்பினை. பங்காளிகள் என்றால் இப்படித்தான்.

1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிப்பைச் சிறையெடுத்து சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். நவாபின் சினேகிதரும் தெற்கே நடையைக் கட்டினார். முத்துசாமிப் பிள்ளை கணக்கில் அவர் 1742-ல் மணப்பாட்டில் இறந்தார். சபையின் கணக்கிலோ கேரளத்து அம்பழக்காட்டில், 1747 பிப்ரவரி 4-ல். சபைக் கணக்குதான் சரி. மணப்பாட்டில் ‘இறந்து’ ஐந்து வருஷம் கழித்து அம்பழக்காட்டில் செத்தவர் அந்த ஐந்து வருஷமும் என்ன சாப்பிட்டிருப்பார்? புழுக்கலரிசிக் கஞ்சியாக இருந்திருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

அவர் நாக்கு இத்தாலியை மறந்ததா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பரமார்த்த குருவின் கதை. புதிதாக வந்து தமிழ் படிக்கிற பாதிரிமாருக்குப் பாடமாக எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், ஒரு குரு. 1822-ல் பாபிங்டன் என்பவர் இதை லண்டனில் தமிழும் இங்கிலீஷுமாக அச்சிட்டார். அங்கே என்ன வருகிறது? பூசணிக்காய்! சீடர்கள் குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். அது விழுந்து உடைகிறது, புதரிலிருந்து முயல் ஓடுகிறது, குதிரைக்குட்டி தப்பியது என்று துரத்துகிறார்கள். மாந்துவாவின் பேர்போன பண்டம் எது தெரியுமா? பூசணியை மசித்து மாவுக்குள் பொதிந்து வேகவைத்தது, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அந்த மண்ணில் பிறந்தவர், உலகத்தில் இருக்கிற காய்களை எல்லாம் விட்டுவிட்டுப் பூசணியைத்தான் முட்டையாக்கினார். கதை நம் ஊர் வழக்கில் ஏற்கெனவே இருந்திருக்கலாம். ஆனாலும் பந்தியில் எந்த இலைக்குக் கை நீளுகிறது என்று பார்த்தால் ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று அதைவிட மோசம். கட்டுச்சோற்று மூட்டையோடு ஒரு வழிப்போக்கன் வருகிறான். ஆட்டுக்கறி கொதிக்கிறது. கறி வாங்கக் காசில்லை. ஆவி படும்படி சோற்று மூட்டையைப் பிடித்து, வாசனையோடு சாப்பிட்டுவிட்டுப் போகப் பார்க்கிறான். வாசனைக்கு விலை கொடு என்று வழக்கு. தீர்ப்பு: கறிக்குக் காசு, கறி வாசனைக்குக் காசு வாசனை. பணப்பையை எடுத்து, கேட்டவர் மூக்கிலேயே தேய்த்து அனுப்புகிறார்கள். இதை எழுதியவர் கறியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். வெறும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து அடுப்பு ஆட்டுக்கறியை மோந்து பார்க்கிறவன் நிலைமை அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தேம்பாவணியின் 3,615 பாட்டிலும் ஒளித்துவைத்ததை இங்கே ஒரு பாராவில் போட்டு உடைத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆயுசெல்லாம் லுத்தரன்காரர்களோடு மல்லுக்கு நின்றவருக்கு அதே வரிசையில் ஜி.யு. போப்பையும் கால்டுவெல்லையும் துணைக்கு நிறுத்தினார்கள், இருவரும் புராட்டஸ்டன்ட். அது போகட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மணலில் அடுப்புகள் பற்றிக்கொள்ளும். மசாலா தடவின வஞ்சிரத் துண்டம் தோசைக்கல்லில் சுருசுருக்கும். கடற்காற்று அந்த மணத்தைச் சாலைப் பக்கம்தான் கொண்டுவரும். கடைக்காரர்கள் இதுவரை அவரிடம் காசு கேட்டதாகத் தகவல் இல்லை.